போர்ச்சுகல் கரையில் ஒரு பங்கு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போய் உட்காருகிற இடம் அண்ணாச்சி கடை. தூத்துக்குடியில் எங்கள் தெரு முனையில் இருக்கிற பலசரக்குக் கடைதான். அரிசி மூடைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் கிடக்கும். அது எனக்கென்றே ஆகிப்போனது. வேறு யாராவது உட்கார்ந்தால் அண்ணாச்சி எழுப்பிவிடுவார். என் மேல் மரியாதை என்று நினைக்க வேண்டாம். நான் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தால் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு வழி இருக்காது.

அன்றைக்கு என் மகள் செல்போனைக் கையில் பிடித்தபடி தெருவில் ஓடி வந்தாள். ஓடுகிற வயசா அவளுக்கு? மாவு பிசைந்த கையைக்கூடக் கழுவவில்லை.

"எப்பா, இந்தாங்க, ஒங்க பேத்தி. எங்கிட்ட பேச மாட்டாளாம். தாத்தாட்ட குடு, தாத்தாட்ட குடுன்னு ஒரே அழிச்சாட்டியம்."

போனில் பேத்தியின் முகம் பெரிசாகத் தெரிந்தது. வெயிலில் சிவந்து, தலைமுடியெல்லாம் மணல். பின்னால் கடல். நம் கடல் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அலை ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது.

"தாத்தா! வலை இழுத்தோம் தாத்தா! மூச்சு முட்ட இழுத்தோம்! மீனெல்லாம் பெட்டியில போட்டு மூடுதாவ. எங்களுக்குப் பங்கு தர மாட்டேங்காவ!"

அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "எந்த வலைளா? அங்கன போயி யாரு வலையைப் பிடிச்சு இழுத்த?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அவள் எப்படி அந்தக் கரையில் போய் நின்றாள் என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். "நேரே விஷயத்துக்கு வாங்கப்பா" என்று முறைக்கிறாள். நேரே வருவதற்கு எனக்கு வழி தெரியாது. சுற்றித்தான் வருவேன்.

பேத்திக்கு அப்போது பதினாறு வயசு. பல தேசத்துப் பிள்ளைகளை ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக ஆடிப்பாடி, ஒருவர் பழக்கத்தை மற்றவர் தெரிந்துகொள்கிற முகாம் ஒன்று போர்ச்சுகலில் நடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். இவள் கம்ப்யூட்டரில் பேசி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தேர்வாகிவிட்டாள். நமக்குக் கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அவர்களுக்குக் கோடை தொடங்குகிறது. அதனால் லீவு கேட்க வேண்டியிருந்தது. அவளுடைய அப்பா, என் மருமகன், கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை செய்கிறவர். எந்த நடுக்கடலில் இருந்தாரோ, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "போகட்டும். நானும் நாடு நாடாப் போறேன், துறைமுகத்துச் சுவரத் தவிர எதையும் பாத்தது இல்ல. அவளாவது பாக்கட்டும்."

அந்தக் குரலைப் பேத்தி தெருவில் எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினாள் என்று எனக்கே தெரியாது. அவள் புறப்படுகிற வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. மிளகாய் வறுக்கிற நெடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஏன் அவ்வளவு மிளகாய் என்றால், அந்த முகாமில் ஒவ்வொரு தேசத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு சாயங்காலம் உண்டு. அன்றைக்கு அவர்கள்தான் முகாம் முழுவதற்கும் சமைத்துப் போட வேண்டும். நம் தேசத்திலிருந்து போனவர்களில் மற்ற மூன்று பேரும் வடக்கே பெரிய ஊர்ப் பிள்ளைகள். "நாங்க டான்ஸ் ஆடுதோம், சமையல் நீ பாத்துக்கோ" என்று இவள் தலையில் கட்டிவிட்டார்கள். இவளும் வீராப்பாக, எங்கள் ஊர் மீன்குழம்பு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். புளியும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பெட்டியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. அண்ணாச்சி தன் பங்குக்கு வெந்தயம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாகைக்குளம் விமான நிலையத்தில் அவள் உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டவே இல்லை. அவ்வளவு அவசரம், அவ்வளவு சந்தோஷம்.

போன பிறகு தினமும் போன் வரும். இன்றைக்கு ஒரு ஊர்ப் பிள்ளைகள் பச்சை மீனைச் சோற்றில் சுருட்டிக் கொடுத்தார்கள், இன்றைக்கு ஒரு ஊர்ப் பிள்ளைகள் பாலாடைக்கட்டியை உருக்கி ஊற்றினார்கள் என்று கதை கதையாகச் சொல்லுவாள். இந்த வலை விவகாரத்துக்கு முந்தின நாள் மட்டும் முகம் சுண்டியிருந்தது. மறுநாள் அவளுடைய சமையல். முகாமில் மீன் என்று எடுத்துக் கொடுத்தது ஐஸில் உறைந்த வெள்ளைக் கட்டி.

"தாத்தா, அதுக்குத் தலை இல்ல, முள்ளு இல்ல, தோலு இல்ல. சோப்புக்கட்டி மாதிரி இருக்கு. அதைப் போட்டா குழம்பு நம்ம குழம்பாவா இருக்கும்? ஒரு பையன் வேற, 'நாளைக்குத் திங்க நான் இப்பவே ரொட்டி எடுத்து ஒளிச்சு வச்சுக்கிடுதேன்'ங்கான். எல்லாரும் சிரிக்காங்க."

எந்தத் தேசத்துப் பையன் என்று கேட்டேன். சொன்னாள். இங்கே வேண்டாம். தேசத்துக்கு ஒரு குறும்பன் இருக்கத்தான் செய்வான்.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது கீழவைப்பார். அங்கே கரைவலை இன்றைக்கும் போடுகிறார்கள். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விரித்துக்கொண்டே போய், மறு நுனியைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இழுக்க ஆள் எப்போதும் பற்றாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு மீனில் பங்கு உண்டு. பஸ்ஸுக்கு நிற்கிறவன் வந்து இழுப்பான். ஒரு தடவை என் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கரையில் வேடிக்கை பார்க்க நின்று, மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்துவிட்டார். இழுத்து முடிந்ததும் அவருக்கும் ஓலைப்பெட்டியில் பங்கு வந்தது. மீனைக் கையில் வைத்துக்கொண்டே பெண் பார்த்தார். கல்யாணம் நடந்தது. அது வேறு கதை.

பேத்தி சின்னப் பிள்ளையிலிருந்தே லீவுக்கு அங்கேதான் போவாள். மற்றப் பிள்ளைகளோடு கயிற்றில் தொங்குவாள். இழுத்தாளோ தொங்கினாளோ, பிள்ளைக்கு அரைப் பங்கு. பாவாடையில் நெத்திலியை ஏந்திக்கொண்டு வருவாள். கயிற்றைப் பிடித்தால் மீன் வரும் என்பது அவளுக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது போல. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

சரி, இனி அண்ணாச்சி கடைக்குத் திரும்பலாம்.

"அழாம சொல்லுளா. என்ன நடந்துச்சு?" என்றேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். காலையில் முகாம் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விளையாடக் கூட்டிவந்திருக்கிறார்கள். அங்கே அச்சாக நம் கரைவலை. வள்ளம் மட்டும் மூக்கு நீண்டு வானத்தைப் பார்த்து வளைந்திருந்ததாம். இரண்டு கயிற்றையும் டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள். அதில் ஒரு டிராக்டர் மக்கர் பண்ணி மணலில் நின்றுவிட்டது. ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் வலை கோணிக்கொள்ளும், உள்ளே இருக்கிற மீன் அத்தனையும் போய்விடும். அங்கே இருந்த நாலைந்து ஆட்கள் கையால் இழுத்து முடியாமல் திணறியிருக்கிறார்கள். பேத்தி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டாள். பிடித்ததோடு நிற்கவில்லை. திரும்பிப் பார்த்து முகாம் முழுவதையும் கூப்பிட்டாள்.

"'வாங்க, வந்து இழுங்க, இழுத்தா நமக்கு மீன் தருவாங்க, ராத்திரிக்கு நம்ம மீனு'ன்னு நான்தான் தாத்தா சொன்னேன். எல்லாரும் வந்தாங்க. வலை வந்துருச்சு. முழுக்கச் சாளையும் அயிலையும். துள்ளுது! இப்ப பாத்தா பெட்டியில அடுக்கி லாரியில ஏத்துதாங்க. எங்களை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாரும் என்னயே பாக்காங்க தாத்தா. அந்தப் பையன் வாயாலேயே ரொட்டி திங்கற மாதிரி செஞ்சு காட்டுதான்."

"வலைக்காரரு உன்னை இழுக்கக் கூப்பிட்டாரா?"

"கூப்பிடல. நானாத்தான் போனேன்."

"போன்னு விரட்டினாரா?"

"விரட்டல."

"அப்போ பங்கு உண்டு. போனை அந்த ஆள்ட்ட காட்டு."

"வே பெரியவரே," என்றார் அண்ணாச்சி, "நீரு துறைமுகத்துல முப்பது வருஷமாக் கப்பல் கயிறு இழுத்துக் கட்டினீரே. ஒரு கப்பல்லயாவது ஒமக்குப் பங்கு தந்தானா?"

நான் துறைமுகத்தில் அந்த வேலைதான் பார்த்தேன். கப்பல் கரையணையும்போது எறிகிற கயிற்றைப் பிடித்து இரும்புத் தூணில் மாட்டுகிற வேலை. அதற்குச் சம்பளம் தந்தார்கள். இது அது இல்லை என்று அண்ணாச்சிக்குச் சொல்ல நேரமில்லை. போனில் அந்த ஆள் வந்துவிட்டார்.

என் வயசுதான் இருக்கும். தலையில் துணித்தொப்பி, முகத்தில் வெள்ளை முள்தாடி, நெஞ்சுவரைக்கும் ரப்பர் கால்சட்டை. வலைக்குச் சொந்தக்காரர். போனுக்குள் நான் இருப்பதைக் குனிந்து பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன். கேட்குமோ கேட்காதோ என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"சத்தம் போட்டா போர்ச்சுகீஸ் ஆயிருமாவே?" என்றார் அண்ணாச்சி.

முகாமுக்குப் பொறுப்பான பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். வயசு இருபத்தைந்து இருக்கலாம். பேத்தி அவளை அக்கா என்றுதான் சொல்லுவாள். அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷும் தெரியும், அந்த ஊர்ப் பேச்சும் தெரியும். அதனால் பேச்சு இப்படிப் போனது. நான் தமிழில் சொல்லுவேன், பேத்தி அதை இங்கிலீஷ் ஆக்குவாள், அந்தப் பெண் அதை அவர்கள் பேச்சாக்குவாள், அவர் கேட்டுத் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிவார். பதில் அதே வழியில் திரும்பி வரும். நடுவில் முகாம் பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் என் பேரைக் கேட்டார். சொன்னேன். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் காலத்தில் போர்ச்சுகல்காரர்கள் வைத்துவிட்டுப் போன குடும்பப் பேர்கள்தானே! அவர் அந்தப் பெண்ணிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு கையைத் தட்டிச் சிரித்தார்.

"தாத்தா, அவரு மச்சினருக்கும் அதே பேராம்!"

கடையில் சாமான் வாங்க வந்த ஒரு அம்மா, "அப்போ சொந்தக்காரன் ஆயிட்டான். மீன் வந்துரும்" என்றாள்.

மீன் வரவில்லை. இழுத்த பிள்ளைகளுக்குப் பங்கு கேட்டதற்கு அவர் சொன்ன பதில், பிள்ளைகள் ரொம்ப நல்ல பிள்ளைகள், எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று.

"ஐஸ்கிரீம்ல குழம்பு வைக்க முடியுமான்னு கேளு," என்றேன்.

"அப்படியே கேக்கவா தாத்தா?"

"அப்படியே கேளு."

கேட்டாள். அவருக்குப் பின்னால் பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, அவருடைய வீட்டுக்காரி என்று பிறகு தெரிந்தது, வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நீளமாக ஏதோ சொன்னார். அங்கே சட்டம் அப்படியாம். வலையில் வருகிற மீன் முழுவதும் நேரே ஏலக்கூடத்துக்குப் போக வேண்டும். விற்ற பிறகுதான் பங்கு. வழியில் எடுத்து யாருக்கும் கொடுத்தால் அவர் மேல் வழக்கு வரும்.

"அப்போ ஏலத்துலயே கேப்போம்," என்று அண்ணாச்சி பாய்ந்தார். "ஏளா தாயி, ஒரு பெட்டி என்ன விலைக்குப் போகும்னு கேளு. நான் சொல்லுதேன், பாதியில ஆரம்பி."

"அண்ணாச்சி, வெலைக்கு வாங்கறதுன்னா அவ கடையிலேயே வாங்கியிருப்பாளே," என்றேன். "அவ இழுத்துருக்கா."

என் மகளுக்குப் பயம் பிடித்துவிட்டது. "எப்பா, விட்ருங்க. அடுத்த தேசத்துல போயி வழக்கு வம்புன்னா, முகாம்ல இருந்தே அனுப்பிருவாங்க. ஏளா, நீ பஸ்ல ஏறு. அந்த வெள்ளைக் கட்டியவே போட்டு வையி. ஒண்ணும் கெட்டுப்போவாது."

பேத்தி பஸ்ஸில் ஏறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகை வருவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் செய்வாள், சின்னதிலிருந்தே. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டம். ஒருத்தன் உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருந்தான். அத்தனை பேரையும் வாக்குக் கொடுத்து இழுக்க வைத்தவள் அவள். இனி அவர்கள் நடுவில் அவள் எப்படி நிற்பாள்? குழம்பு போகட்டும். மீதி நாளெல்லாம் அவள் சொன்னதை யார் நம்புவார்கள்?

அப்போது எனக்குக் கறிமீன் ஞாபகம் வந்தது. நம் கரையிலும் சில வருஷம் மீன் முழுவதையும் வியாபாரி மொத்தமாகப் பேசிவிடுவான். பெட்டி மூடியாகிவிடும், பங்கு பிறகுதான் கைக்கு வரும். ஆனாலும் இழுத்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மாட்டான். பெட்டி மூடுவதற்கு முன்னால் வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவிடுவார்கள். அது பங்கில் சேராது. வியாபாரியும் கேட்க மாட்டான். கடலுக்குப் போனவன் வீட்டில் மீன் கறி இல்லாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கரையில் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

"ஏளா, சட்டத்த விடு. அவரு வீட்டுல இன்னைக்கு என்ன கறின்னு கேளு."

"என்னது?"

"கேளுளா!"

கேள்வி இரண்டு வாய் மாறிப் போய்ச் சேர்ந்தது. அவர் தொப்பியைப் பின்னால் தள்ளினார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாகக் கண் சுருங்கச் சிரித்தார். டிராக்டர் பக்கத்தில் இருந்த ஒரு நீல வாளியைக் கை காட்டினார். அது நிறையச் சாளை.

பேத்தி கத்தினாள். "இருக்கு தாத்தா! அவங்களுக்கும் இருக்கு! சட்டியில போடுததுக்குன்னு எடுத்து வைப்பாங்களாம். அதுக்குச் சட்டம் விட்டுருதாம்!"

கடையில் கூடியிருந்தவர்கள் ஓ என்றார்கள். அதற்குள் நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர்கள்கூட என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அவர் விடவில்லை. அந்த வாளி வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான், இவர்கள் ஊர் பார்க்க வந்த பிள்ளைகள் என்றார். சும்மா ஆசைக்குக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள், இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். அவர் வலையின் நுனியில் மீன் சேர்கிற பையைப் பார்த்துத் தண்ணீருக்குள் நின்றவர். கயிற்றுப் பக்கம் நடந்தது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதில் தப்பில்லை. நம் கரையிலும் கடைசி நேரத்தில் ஓடிவந்து கயிற்றைத் தொட்டுவிட்டுப் பங்குக்கு நிற்கிறவர்கள் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் வாய்ப்பேச்சு கிடையாது. "கையைக் காட்டு" என்பார்கள். உப்பு ஊறிய கயிறு உள்ளங்கையை விட்டுவைக்காது.

"எல்லாரையும் கையைக் காட்டச் சொல்லு," என்றேன்.

பேத்திக்கு உடனே விளங்கிவிட்டது. போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். ஏதோ கத்தினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து வரிசையாக நின்று கையை மலர்த்தி நீட்டினார்கள். அந்தப் பெண் போனைப் பிடித்தபடி அவர் பின்னாலேயே நடந்தாள். நாங்கள் தூத்துக்குடியில் நின்று பார்த்தோம். வெள்ளைக் கை, கறுப்புக் கை, பச்சை நகப்பூச்சு பூசிய கை, வளையல் போட்ட கை. உள்ளங்கை மட்டும் அத்தனையும் ஒரே சிவப்பு. ஒரு பெண்பிள்ளைக்குத் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. அவர் தன் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கையையும் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

"அந்தா பாரு, அந்தப் பிள்ளைக்கு ரத்தமே வந்துட்டு," என்று கடையில் யாரோ சொன்னார்கள்.

"டாக்டர் மாதிரில்லா பாக்கான்," என்றார் அண்ணாச்சி. பருப்பு வாங்க வந்தவரைப் பருப்போடு அப்படியே நிற்க வைத்துவிட்டார்.

வரிசையின் கடைசியில் ஒருத்தன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அவர் கையை வெளியே எடுக்கச் சொன்னார். அவன் எடுக்கவில்லை. அவரே பிடித்து இழுத்து மலர்த்திப் பார்த்தார். பால் மாதிரி சுத்தமான கை. ரொட்டிக்காரன்! எல்லோரும் இழுத்தபோது அவன் தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் போனே அதிர்ந்தது. இங்கே கடையிலும் அதே கூச்சல்.

அவர் திரும்பித் தன் வீட்டுக்காரியைப் பார்த்தார். அந்த அம்மா இவர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே நீல வாளியைத் தூக்கிவிட்டாள். மூடாமல் இருந்த ஒரு பெட்டியிலிருந்தும் இரண்டு கையாலும் அள்ளினாள். அவர் என்னமோ முனகினார். அந்த அம்மா திருப்பி ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அது மட்டும் எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பிள்ளைகளா, எதுல வாங்குவிய?" என்று என் மகள் இங்கிருந்தே பதறினாள். அங்கே யாரிடமும் பாத்திரம் இல்லை. தொப்பியில் வாங்கினார்கள், துண்டில் வாங்கினார்கள். ஒருத்தி செருப்பு வைக்கிற பையை உதறி நீட்டினாள். கடைசியில் அந்த அம்மா மீதி மீனோடு வாளியை ரொட்டிக்காரன் கையில் கொடுத்து, தூக்கு என்று கையைக் காட்டினாள். அவன் தூக்கினான். வேறு வழி?

பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும்.

"தாத்தா, குடுத்துட்டாவ! எல்லாருக்கும் குடுத்துட்டாவ! பஸ்காரரு மீனை ஏத்த மாட்டேன்னுட்டாரு. நாங்க கரையோடயே நடந்து போறோம். அவரையும் அவங்க வீட்டம்மாவையும் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டுட்டேன்!"

"அடிப்பாவி, எல்லாத்துக்கும் புளி போதுமாளா?" என்று அவள் அம்மா கேட்பதற்குள் போன் நின்றுவிட்டது.

கடையில் நின்றவர்கள் கலைந்து போகவே மனசில்லாமல் நின்றார்கள். வலையை நாங்களே இழுத்த மாதிரி எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அண்ணாச்சி ஜாடியைத் திறந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தார். அண்ணாச்சி இனாமாக மிட்டாய் கொடுத்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

குழம்பு எப்படி வந்தது என்று மறுநாள்தான் சொன்னாள். முகாமில் இருந்த பெரிய அலுமினியச் சட்டியில் வைத்தாளாம். மீன் கழுவத் தெரியாதவர்களுக்கெல்லாம் தலை கிள்ளக் கற்றுக்கொடுத்தாளாம். டான்ஸ் ஆடுகிறோம் என்று சொன்ன மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டாவது செதில் எடுத்தார்களாம். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் கண்ணில் தண்ணீர் வழிய, வாயை ஊதி ஊதி, மறுபடியும் தட்டை நீட்டினார்கள். ரொட்டிக்காரன் ஒளித்து வைத்த ரொட்டியை எடுத்து வந்தான். குழம்பில் தோய்த்துத் தோய்த்துச் சட்டியைத் துடைத்தவனே அவன்தான்.

"அந்த வலைக்காரரு வந்தாரா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியம்.

"வந்தாரு தாத்தா. வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டு, தலை சீவி, வீட்டம்மாவோட வந்தாரு. ஒரு வாய் வச்சாரு. அப்படியே இருந்தாரு. தண்ணி குடிச்சாரு. பெறகு ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"என்ன?"

"இம்புட்டு நல்ல மீனு, உப்பத் தடவிச் சும்மா நெருப்புல காட்டுனாலே போதுமே, ஒங்களுக்கு அது என்ன துரோகம் செஞ்சுச்சு, எதுக்கு இப்படி மிளகாயில முக்கிக் கொன்னீங்கன்னு கேட்டாரு."

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "நாளைக்கும் வலை உண்டான்னு கேட்டியா?"

"உண்டாம். டிராக்டர் இன்னும் சரியாவலையாம். நாங்க நாளைக்கு மியூசியம் போகணும். யாரும் வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் கரைக்குத்தான் போறோம்."

"அப்போ போயி இழு. நாளைப் பங்க அவரே சுட்டுத் தரட்டும்னு சொல்லு. நீ தின்னு பாத்துட்டு, உண்மையிலேயே நல்லாருக்கான்னு எனக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது."